வாய் தவறினால் சிறையா? தரகரை நம்பாதீர்கள்

கேள்வி: பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் குழுத் தலைவராக இருக்கிறேன். என் குழுவில் ஒருவர் தம்மைத் திருநங்கை என்று அறிவித்துப் பெயரையும் மாற்றிக்கொண்டார். பழக்கத்தில் இருமுறை மின்னஞ்சலில் அவரை ஆணாகக் குறிக்கும் 'ஹி' என்ற ஆங்கிலச் சொல்லை எழுதிவிட்டேன். மனிதவளத் துறை விளக்கம் கேட்கிறது. இரண்டு ஆண்டு சிறை நிச்சயம், 40,000 ரூபாய் தந்தால் வழக்கு வராமல் முடித்துத் தருகிறேன் என்கிறார் தெரிந்த ஒருவர். எனக்குப் பேச்சுரிமை இல்லையா?

பதில்: அந்த மனிதருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உங்கள்மீது இன்னும் புகாரே இல்லை; இல்லாத வழக்கை அவர் எப்படி முடிப்பார்? இத்தகைய தரகர்கள் பணத்தோடு நிற்பதில்லை. 'தெரிந்தே இழிவுபடுத்தினேன்' என்று தாங்களே எழுதிவந்த மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொள்கிறார்கள். பிறகு அதைக் காட்டியே மீண்டும் பணம் கேட்பார்கள். வெற்றுத்தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இரண்டு ஆண்டு என்ற பேச்சு, திருநர் பாதுகாப்புக்கான 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவிலிருந்து வருகிறது. சொல்லாலும் மனத்தாலும் துன்புறுத்துவதை அது குற்றமாக்குகிறது. ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுவரை தண்டனை உண்டு. தன்னை மறந்து எழுதிய ஒரு சொல் துன்புறுத்தல் ஆகாது. ஆனால் சொல்லால் துன்புறுத்துவது எதுவரை என்று சட்டம் தெளிவாக வரையறுக்கவில்லை. ஒரு வரி விளக்கம் எழுதியிருந்தால் தரகர்களின் கடை பாதி மூடியிருக்கும். அதை எழுத மனமில்லாதவர்கள் சட்டம் இயற்றியதையே சாதனையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

கனடாவில் 'ஹி' என்றாலே சிறை என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியையும் நம்பவேண்டாம். 2017இல் அங்கே நிறைவேறிய சி-16 சட்டம் பாலின அடையாளத்தைப் பாகுபாட்டுத் தடைப் பட்டியலில் சேர்த்தது; வெறுப்புப் பிரசாரக் குற்றங்களிலும் சேர்த்தது. அதன் வாசகத்தில் 'ஹி', 'ஷி' போன்ற பிரதிப்பெயர் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பேச்சுரிமை கேட்டீர்கள். அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு முதன்மையாக அரசுக்கு எதிரான கவசம். அலுவலக நடத்தை விதியை அதைக் காட்டித் தள்ளிவிட முடியாது. அதே பிரிவின்கீழ்தான் ஒருவர் தம் பாலினத்தை வெளிப்படுத்தும் உரிமையும் வருகிறது என்று 2014இல் நால்சா (தேசியச் சட்டப்பணிகள் ஆணையம்) வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, உரிமை உங்களுக்கும் உண்டு, உங்கள் சக ஊழியருக்கும் உண்டு. இந்தச் சட்டங்களைப் பற்றிக் கட்டுரை எழுதுங்கள், மேடையில் எதிர்த்துப் பேசுங்கள், அது கருத்து. பக்கத்து இருக்கையில் இருப்பவரைக் குத்துவது கருத்து ஆகாது.

இங்கேதான் கவனம் தேவை. திருத்திச் சொன்ன பிறகும் வேண்டுமென்றே பழைய பெயரால் அழைப்பது, கூட்டத்தில் சிரிப்பு மூட்ட 'ஹி' என்பது, இதெல்லாம் வேறு கதை. 2021இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஓர் உணவக ஊழியரைத் தவறான பிரதிப்பெயராலும் செல்லப்பெயராலும் விடாமல் அழைத்து, எதிர்த்துக் கேட்டபின் வேலையிலிருந்தும் நீக்கினார்கள். மனித உரிமைத் தீர்ப்பாயம் 30,000 டாலர் இழப்பீடு விதித்தது. அங்கேயும் சிறை இல்லை. ஆனால் பிடிவாதத்துக்கு விலை இருந்தது. 'பழக்கம்' என்று நீங்கள் சொல்லும் காரணம் இருமுறைக்குச் செல்லும். இருபது முறைக்குச் செல்லாது.

இன்றே மனிதவளத் துறைக்கு நான்கு வரியில் பதில் அனுப்புங்கள்: எந்தத் தேதியில் எழுதினீர்கள், உள்நோக்கம் இல்லை, திருத்திக்கொண்டீர்கள், இனிச் சரியாக எழுதுவீர்கள். நம் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நிறுவனத்தில் ஒரு புகார் அலுவலர் இருக்கவேண்டும். அவர் யார் என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள். பல இடங்களில் அந்தப் பதவி காகிதத்தில் மட்டுமே இருக்கிறது. சக ஊழியரிடம் நேரில் ஒருமுறை வருத்தம் சொல்லுங்கள். நீண்ட விளக்கம் கொடுத்து அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். கடிதத்தின் நகலை வீட்டில் வைத்திருங்கள்.