எர்த் லீக்கேஜ் சுவிட்ச் ஏன் அடிக்கடி விழுகிறது?

டர்பன் பக்கம் பெரும்பாலான வீடுகளில் டிபி போர்டை (வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பெட்டி) திறந்தால் இந்த சுவிட்ச் இருக்கும். லைவ் கம்பியில் போன கரண்ட் நியூட்ரலில் முழுசாகத் திரும்புகிறதா என்று பார்ப்பதுதான் இதன் வேலை. மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்குப் பஸ்ஸில் போனவர்களைத் திரும்பும்போது தலை எண்ணுவது போல. ஆள் குறைந்தால் வண்டி நகராது. 30 மில்லிஆம்பியர் குறைந்தாலே, அது யாருடைய உடம்பு வழியாகவோ தரைக்குப் போகலாம் என்று கருதி இணைப்பைத் துண்டித்துவிடும். 1950களில் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களைக் காக்க இதற்கு உருக்கொடுத்தவர் தென்னாப்பிரிக்காவின் ஹென்றி ரூபின்.

விழுந்துகொண்டே இருந்தால், முதலில் எல்லா பிளக்குகளையும் பிடுங்குங்கள். போர்டில் ஒவ்வொரு லைனுக்கும் உள்ள சிறு சுவிட்சான பிரேக்கரை மட்டும் இறக்கினால் போதாது: பல போர்டுகளில் அது லைவை மட்டுமே வெட்டும், நியூட்ரல் எர்த்தைத் தொட்டிருந்தால் பிறகும் விழும். சுவிட்சை ஏற்றி, ஒவ்வொன்றாகச் செருகுங்கள். பெரும்பாலும் மாட்டுவது கெட்டில், அயர்ன், பழைய ஃப்ரிட்ஜ். சூடாக்கும் கம்பியின் உறைக்குள் ஈரம் புகுந்திருக்கும். எதுவும் செருகாமலே விழுந்தால் வயரிங்கிலோ, பிளக் இல்லாமல் நேரடியாக இணைத்த கீசர் போன்றவற்றிலோ, சுவிட்சிலேயோ கோளாறு இருக்கலாம், எலக்ட்ரீஷியன் வர வேண்டும். தொல்லை என்று சுவிட்சைத் தாண்டி இணைப்புக் கொடுப்பது கொலைக்குச் சமம்.

இது இருந்தால் ஷாக்கே அடிக்காது என்று பலர் நம்புகிறார்கள். மர ஸ்டூலில் நின்று லைவையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்தால் கணக்கு சரியாகவே இருக்கும், ஷாக் அடித்தாலும் சுவிட்ச் விழாது.