மொய்க் கவர், வாழ்த்து அட்டை: வீட்டில் எத்தனை வைத்துக்கொள்ளலாம், எப்படிப் பாதுகாப்பது?

"எங்கள் வீட்டுக்கு வருடத்துக்கு 40 அழைப்புப் பத்திரிகையாவது வருகிறது. ஒவ்வொரு தடவையும் கிளம்புகிற நேரத்தில்தான் கவர் வாங்க ஓடுகிறோம். மொத்தமாக வாங்கி வைத்தால் மழைக்காலத்தில் ஒட்டிக்கொண்டு பாதி வீணாகிறது. பிறந்தநாள், பணி ஓய்வு, இரங்கல் என்று அட்டையும் தனித்தனியாக வைத்திருக்க வேண்டுமா?" என்று திருச்சி வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

விசேஷத்துக்கு ஒரு வகை என்று வாங்கவே வேண்டாம். அப்படி வாங்கினால் கல்யாணக் கவர் தை மாதமே தீர்ந்துவிடும், 'காதணி விழா' கவர் மூன்று வருடம் கிடந்து பழுப்பேறும். 'நல்வாழ்த்துகள்' என்று மட்டும் அச்சிட்ட கவர் கல்யாணம், வளைகாப்பு, புதுமனை புகுவிழா, மணிவிழா, கடை திறப்பு எல்லாவற்றுக்கும் பொருந்தும். அட்டையும் அப்படித்தான்: முன்பக்கம் பூவோ கோலமோ இருக்கட்டும், உள்பக்கம் வெறுமையாக இருக்கட்டும். வாசகத்தை நீங்களே எழுதிக்கொள்ளலாம்.

எண்ணிக்கைக்கு, போன வருடம் வந்த பத்திரிகைகளை எடுத்து எண்ணுங்கள். அதோடு கால் பங்கு கூட்டினால் போதும். 40 பத்திரிகைக்கு 50 கவர். இதில் 30 கவர் ஒரு ரூபாய் நாணயம் ஒட்டிய பொதுக் கவர். பத்து, சாமி படம் இல்லாதவை. கடைகளில் கிடைக்கும் கவர்களில் பல பிள்ளையார் படமோ லட்சுமி படமோ போட்டவை, கிறிஸ்தவ, முஸ்லிம் நண்பர்கள் வீட்டு விசேஷத்துக்கு அவை சரிப்படாது. மீதி பத்து, நாணயம் இல்லாத வெறும் வெள்ளைக் கவர். துக்க வீட்டுக்கு ஒரு ரூபாய் ஒட்டிய கவர் கொண்டுபோகும் வழக்கம் இல்லை. அவசரத்தில் நாணயத்தைப் பிய்த்தால் பசைத் தடம் தெரியும். அட்டையில் 15 வைத்திருந்தால் தாராளம். அதில் ஐந்து மினுமினுப்பு, தங்க அச்சு எதுவும் இல்லாத வெளிர் நிற அட்டை. இரங்கலுக்கும் உடல்நலம் விசாரிக்கவும் அதுதான் உதவும்.

ஒரே தடவையில் 50-ஐயும் வாங்காமல் இரண்டாகப் பிரியுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இருக்காது. ஆடியில் 25 வாங்கினால் ஆவணி முகூர்த்தங்களுக்குக் கையில் இருக்கும்; மார்கழியில் 25 வாங்கினால் தை தொடங்கி வைகாசி வரை ஓடும். மார்கழியில் வாங்கும் கட்டு ஐப்பசி, கார்த்திகை அடைமழையைப் பார்க்காமலே செலவாகிவிடும் என்பதும் ஒரு லாபம். சென்னைப் பக்கம் வந்தால் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் மொத்த விலைக்குக் கிடைக்கும்.

வாங்கும்போது அளவைப் பாருங்கள். இப்போதைய 500 ரூபாய் நோட்டின் நீளம் 150 மி.மீ., 200 ரூபாய் 146, 100 ரூபாய் 142. ஏ5 தாளை (ஏ4-இல் பாதி) இரண்டாக மடித்த அட்டையின் நீளம் 148 மி.மீ. அதற்குள் 500 ரூபாய் வைத்தால் நோட்டு இரண்டு மி.மீ. வெளியே நீட்டும், கவரைப் பிரிக்கும்போது ஓரம் கிழியும். அட்டைக்குள் பணம் வைக்கும் பழக்கம் இருந்தால் நோட்டை ஒரு மடிப்பு மடித்து வையுங்கள், ஸ்டேப்ளர் பின் அடிக்க வேண்டாம்.

இனி, நீங்கள் கேட்ட ஒட்டும் சிக்கல். கவரை மூடும் மடலில் தடவியிருப்பது நீர் பட்டால் இளகும் பசை. காற்றில் ஈரம் ஏறினாலே அது தானாகப் பிடித்துக்கொள்ளும், அதிலும் அடுக்கி வைத்த கனம் மேலே அழுத்தினால் கேட்கவே வேண்டாம். வாங்கி வந்ததும் ஒவ்வொரு மடலுக்கு அடியிலும் இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டர் பேப்பர் துண்டு ஒன்றைச் செருகுங்கள். படுக்கப்போட்டு அடுக்காமல், மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். மருந்து டப்பா, புது செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து உள்ளே கிடக்கட்டும். டப்பாவை வெயில் நாளில் மூடுவது முக்கியம். மழை நாளில் மூடினால் ஈரத்தையும் சேர்த்து அடைத்ததாகிவிடும். சமையலறைச் சுவரை ஒட்டிய அலமாரியும் குளியலறைக்குப் பின்சுவரும் வேண்டாம்.

நாணயம் ஒட்டிய கவரில் இன்னொரு தொல்லை உண்டு. ஒரு நாணயம் ஏறத்தாழ ஒன்றரை மி.மீ. தடிப்பு. 25 கவரை ஒரே பக்கமாக அடுக்கினால் நாணயம் இருக்கும் முனை மட்டும் மூன்றரை செ.மீ.க்கு மேல் புடைக்கும், மறுமுனை வளையும், அடுத்த கவரில் வட்டத் தடம் விழும். ஒன்றைத் தலைகீழாக, அடுத்ததை நேராக என்று மாற்றி மாற்றி வைத்தால் கட்டு மட்டமாக நிற்கும்.

ரப்பர் பேண்ட் போடவே கூடாது. நம் ஊர் வெயிலுக்கு அது ஒரே கோடையில் இளகி, பழுப்புக் கோடாகக் காகிதத்தில் ஒட்டிக்கொள்ளும். நூலால் கட்டுங்கள். செய்தித்தாளில் சுற்றினாலும் மஞ்சள் பூக்கும். ராமபாணப் பூச்சிக்குப் பசை என்றால் உயிர். அதற்காக அந்துருண்டை போட்டால் கல்யாண வீட்டில் கவரைப் பிரிக்கிறவர் மூக்கைப் பிடிப்பார். டப்பா இறுக மூடியிருந்தாலே பூச்சி வராது. பளபளப்பான அட்டைகளை முகத்தோடு முகம் சேர்த்து வைக்காமல் நடுவில் ஒரு வெள்ளைத் தாள் கொடுங்கள்.

எழுதுவதிலும் கவனம் வேண்டும். வழவழப்பான கவரில் ஜெல் பேனா மை உடனே உலராது, கை பட்டதும் இழுவிவிடும். பால்பாயிண்ட்தான் நல்லது. பணத்தை வைக்கும் முன்பே எழுதிவிடுங்கள். ஊர், இனிஷியலோடு பெயர், பெண் வீட்டு அழைப்பா மாப்பிள்ளை வீட்டு அழைப்பா என்பது முன்பக்கம் இருக்கட்டும். தொகையை மடலின் உள்பக்கம் எழுதுங்கள். இரவில் நூறு கவரைக் குவித்துப் பிரிக்கும்போது நோட்டு ஒருபக்கம், கவர் ஒருபக்கம் என்று ஆகிவிடும். உள்ளே எழுதிய தொகைதான் மொய் நோட்டுக் கணக்கைச் சரியாக்கும். கவரில் ஏற்கெனவே நாணயம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு 501 வையுங்கள், இல்லாவிட்டால் 502 ஆகிவிடும்.

இரங்கல் அட்டையில் அச்சிட்ட கவிதை தேவையே இல்லை. மறைந்தவர் பெயரைச் சொல்லி, அவர் செய்த ஒரு நல்ல காரியத்தை நினைவுகூர்ந்து இரண்டு வரி எழுதினால் அந்த வீட்டார் அதை எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

தபாலில் அனுப்புவதானால் எடையைப் பாருங்கள். சாதாரணக் கடிதத்துக்குக் கட்டணம் 20 கிராம் வீதம் ஏறும். 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தடிப்புள்ள ஏ5 தாளை மடித்த அட்டை சுமார் ஒன்பதரை கிராம், உறையோடு 15-க்குள் அடங்கும். ஏ4 மடித்த பெரிய அட்டை தனியாகவே ஏறத்தாழ 19 கிராம். உறை சேர்ந்தால் அடுத்த கட்டணம். பத்துத் தபால் தலையாவது அதே டப்பாவில், பட்டர் பேப்பருக்குள் இருக்கட்டும், அதன் பின்னாலும் பசைதான். சாதாரணத் தபாலில் நோட்டு வைக்காதீர்கள். பொங்கல் வாழ்த்தை ஜனவரி முதல் வாரத்துக்குள் பெட்டியில் போட்டுவிடுங்கள்.