700 வெள்ளி வாடகைக்கு 180,000 வெள்ளி வீடு: வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு வயது 52. கூலிம் ஹைடெக் பார்க்கில் சூப்பர்வைசராக இருக்கிறேன். குடியிருக்கும் வீட்டின் கடன் போன வருடம் முடிந்துவிட்டது. படாங் செராயில் பக்கத்துத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) மாடியில்லாத தெரஸ் வீடு ஒன்று, மூன்று அறை, 180,000 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) வருகிறது. அந்த வரிசையில் வாடகை 700 வெள்ளி. இபிஎப் (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுத்து முன்பணம் கட்டி, மீதிக்கு லோன் போடலாம் என்று எண்ணம். பையன் பெயரையும் சேர்க்கச் சொல்கிறார் என் மனைவி. இதற்கிடையில் ஒரு காண்ட்ராக்டர், 12 வெளிநாட்டுத் தொழிலாளர்களைத் தங்க வைக்க 1,200 தருகிறேன் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: இந்த விலைக்கு வேண்டாம். வீட்டில் குறை இருக்கிறது என்று சொல்லவில்லை. உங்கள் வயதும் அந்த வாடகையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

பழைய கடன் முடிந்துவிட்டதால் 90 விழுக்காடு வரை கடன் கேட்கலாம். 70 விழுக்காடுதான் கடன் என்ற வரம்பு மூன்றாவது வீட்டுக் கடனிலிருந்துதான். ஆனால் பெரும்பாலான வங்கிகள் 70 வயதுக்குள் கடன் முடிய வேண்டும் என்கின்றன. அப்படியென்றால் உங்களுக்கு 18 வருடம்தான். 162,000 வெள்ளிக் கடன், வட்டி 4.2 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை சுமார் 1,070 வெள்ளி. வாடகை 700. மாதம் 370 உங்கள் சம்பளத்திலிருந்து போகும். இதே கடனை 32 வயதுக்காரர் 35 வருடத்துக்கு எடுத்தால் தவணை 737தான் வரும். சின்ன வயதுக்காரர்கள் "வாடகையே லோனைக் கட்டிவிடும்" என்று சொல்வதைக் கேட்டு ஐம்பதைத் தாண்டியவர்கள் இறங்கக்கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். முதல் மாதத் தவணையில் 567 வெள்ளிதான் வட்டி. மீதி 503 அசலில் கழிகிறது. ஆக அந்த 370 முழுவதும் நட்டமில்லை, கட்டாயச் சேமிப்பு மாதிரி. ஆனால் 58, 60 வயதில் வேலையை விட்ட பிறகும் அந்தச் சேமிப்பைத் தொடர முடியுமா? அதைத்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். வட்டியும் ஒரே இடத்தில் நிற்காது. மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் ஓபிஆர் என்ற அடிப்படை வட்டி 2020 ஜூலையில் 1.75 விழுக்காடாக இருந்து 2023 மே மாதத்தில் 3.00 ஆனது, 2025 ஜூலையில் 2.75க்கு இறங்கியது. உங்கள் கடனில் வட்டி ஒரு விழுக்காடு ஏறினால் தவணை மாதம் 85 வெள்ளிக்கு மேல் கூடும்.

அடுத்து இபிஎப். முதல் வீடு உங்கள் பெயரில் இருக்கும்வரை, இரண்டாவது வீடு வாங்கவென்று பணம் எடுக்க விடமாட்டார்கள். முதல் வீட்டை விற்றிருக்க வேண்டும் அல்லது பெயர் மாற்றியிருக்க வேண்டும். ஆனால் 50 வயது ஆனவர் இபிஎப்பின் ஒரு பகுதியான செஜாத்ரா கணக்கிலிருந்து எதற்கென்று சொல்லாமலே பணம் எடுக்கலாம். அந்த வழி உங்களுக்குத் திறந்தே இருக்கிறது. சரி, எடுக்கலாமா? இபிஎப் 2022இல் 5.35, 2023இல் 5.50, 2024இல் 6.30 விழுக்காடு லாப ஈவு கொடுத்தது. அந்தப் பணத்தை எடுத்து 4.2 விழுக்காட்டுக் கடனைக் குறைப்பது கணக்குக்குச் சரிவராது. முன்பணத்துக்கு வேண்டியதை மட்டும் எடுக்கலாம். மொத்தமாக வழித்து எடுக்காதீர்கள்.

அந்த ஈவுக்குப் பக்கத்தில் இந்த வீட்டை நிறுத்திப் பாருங்கள். பெயர் மாற்ற முத்திரை வரி 2,600 வெள்ளி, கடன் பத்திரத்துக்கு 810, வழக்கறிஞர் கட்டணம், மதிப்பீட்டுச் செலவு எல்லாம் சேர்ந்து 9,000 பக்கம் வரும். பெயின்ட், குழாய், வயரிங் என்று 8,000 வையுங்கள். ஆக வீடு 197,000இல் நிற்கிறது. வாடகையைப் பன்னிரண்டு மாதத்துக்குப் போடாதீர்கள், பதினொன்றுக்குப் போடுங்கள்: 7,700. வீட்டு வரி, நிலவரி, தீக்காப்புறுதி, சில்லறைப் பழுது என 1,200 போனால் 6,500. விழுக்காட்டில் 3.3தான். வீட்டு விலை ஏறும் என்பது உண்மையாகலாம். ஆனால் ஏறும் என்ற நம்பிக்கையில் வாங்குவது வேறு, வாடகைக்காக வாங்குவது வேறு. நீங்கள் கேட்டிருப்பது இரண்டாவதைப் பற்றி.

பையன் பெயர் வேண்டாம். அவர் பெயரில் ஒரு குடியிருப்பு ஏறிவிட்டால், பிறகு தனக்கென்று வாங்கும்போது முதல் வீட்டுக்கான முத்திரை வரி விலக்கு கிடைக்காது. கூட்டுக் கடன் அவருடைய சிசிரிஸ் அறிக்கையிலும் (வங்கிகள் பார்க்கும் கடன் விவரப் பதிவு) ஏறும். உங்கள் மனைவியின் ஆசை புரிகிறது. அதை உயிலில் எழுதி நிறைவேற்றிக்கொள்ளலாம்.

இப்போது அந்த 1,200 வெள்ளி. கேட்பதற்கு இனிப்பாகத்தான் இருக்கிறது. தொழிலாளர் தங்குமிடத்துக்கு 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் இருக்கிறது. 2019இல் அதைத் திருத்தினார்கள். 2020 ஜூன் முதல் அமலில் உள்ளது. தங்க வைக்கும் முதலாளி, தொழிலாளர் துறையிடம் தங்குமிடச் சான்றிதழ் வாங்க வேண்டும். சாதாரண வீடு என்றால் தூங்கும் இடத்தில் ஆளுக்குக் குறைந்தது 3.6 சதுர மீட்டர். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை 11 சதுர மீட்டர் வரும். மூன்று பேருக்குமேல் படுக்க வைக்க முடியாது. உங்கள் மூன்று அறை வீட்டில், சின்ன அறையையும் சேர்த்து, எட்டுப் பேர் தாண்டாது. 12 பேர் என்று அவர் சொல்லும்போதே சான்றிதழ் வாங்கும் எண்ணம் இல்லை என்று தெரிகிறது. அனுமதி ஆவணம் இல்லாத ஒருவர் அங்கே பிடிபட்டால் குடிநுழைவுத் துறை உங்களையும் கூப்பிடும். அக்கம்பக்கத்துப் புகார் நகராண்மைக் கழகத்துக்குப் போவது வேறு. ஒரே பாத்ரூமை 12 பேர் பயன்படுத்திய வீட்டின் குழாய்களை மாற்ற ஆகும் செலவில் அந்தக் கூடுதல் 500 எங்கே போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தொழிற்சாலையே தன் கம்பெனி பெயரில், சான்றிதழோடு, ஆள் எண்ணிக்கையை எழுதிக் கொடுத்து வந்தால் அது வேறு பேச்சு. அப்படிப்பட்டவர்கள் வாடகையை ஒழுங்காகக் கட்டுவார்கள்.

குடும்பத்துக்கு வாடகைக்கு விடுவதென்றால், நம்மவர்களிடம் உள்ள பழக்கம் ஒன்று தொல்லை தருகிறது. தோட்டத்தில் பக்கத்து லயத்தில் இருந்தவர், மச்சான் வழி சொந்தம் என்று சொல்லி எழுத்தே இல்லாமல் சாவியைக் கொடுத்துவிடுவது. தீபாவளி மாதம் பாதி வாடகை, பள்ளி திறக்கும் மாதம் அதுவும் இல்லை. யாராக இருந்தாலும் ஒரு வருட ஒப்பந்தம் எழுதுங்கள். இரண்டு மாத டெபாசிட், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், அப்புறம் முதல் மாத வாடகை. ஒரு வருட ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி, வருட வாடகையில் 250 வெள்ளிக்கு ஒரு வெள்ளி. 700 வாடகைக்கு 34 வெள்ளிதான். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. மின்சாரக் கணக்கையும் குடிவருபவர் பெயருக்கே மாற்றச் சொல்லுங்கள்.

வாடகை நின்றால் கோபத்தில் பூட்டை மாற்றுவதோ மின்சாரத்தை வெட்டுவதோ கூடாது. குடியிருப்பவரை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வெளியேற்ற, 1950ஆம் ஆண்டின் தனித் தீர்வுச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. பாக்கி வாடகைக்கு அவருடைய பொருள்களைக் கைப்பற்ற 1951ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது; அதற்கும் நீதிமன்றம்தான் போக வேண்டும். ஆகவே இரண்டாவது மாதம் தவறும்போதே வழக்கறிஞர் கடிதம் அனுப்புங்கள், டெபாசிட் கரையும்வரை காத்திருக்காதீர்கள்.

வாடகை வருமானத்தை பிஇ என்ற வருமான வரி பாரத்தில் காட்ட வேண்டும். கடன் வட்டி, வீட்டு வரி, நிலவரி, தீக்காப்புறுதி, பழுதுச் செலவு கழியும். அசல் கழியாது, முதல் வாடகையாளரைப் பிடிக்க ஆன செலவும் கழியாது. முதல் வருடம் முழுவதும் ஆள் இருந்தால் 8,400 வாடகையில் வட்டி மட்டும் 6,700 போய்விடும், வரி பெரிதாக வராது.

எந்த விலைக்கு வாங்கலாம் என்று கேட்டால், உங்கள் 18 வருடக் கணக்குக்கு 120,000 சுற்றி. 108,000 கடனுக்குத் தவணை 713. வாடகை ஏறத்தாழ தாங்கிவிடும். அந்த விலை லேலோங்கில் (ஏலத்தில்) வரலாம். ஆனால் ஏலத்தில் பத்து விழுக்காடு அன்றே கட்ட வேண்டும், மீதி ஏல வகையைப் பொறுத்து 90 அல்லது 120 நாளில். உள்ளே ஆள் இருந்தால் காலி செய்ய வைப்பது உங்கள் தலையில்தான் விழும்.

எந்த வீடானாலும் கூலிம் நில அலுவலகத்தில் கிராணை (நிலப் பட்டாவை) தேடிப் பாருங்கள். கெடாவில் மலாய்க்காரர்களுக்கென்று ஒதுக்கிய நிலம் நிறைய. அது நம் பெயருக்கு மாறாது. மலிவு வீடுகளிலும் தோட்ட மக்களுக்குக் கட்டிக் கொடுத்த வீடுகளிலும் மாநில அனுமதி இல்லாமல் விற்கக்கூடாது என்ற நிபந்தனை கிராணிலேயே அச்சடித்திருக்கும். வீட்டைப் பார்க்கப் போகும்போது பின்னால் இழுத்துக் கட்டிய சமையலறைக் கூரை, பழைய சுவரோடு சேரும் இடத்தை மழை பெய்த மறுநாள் பாருங்கள். கதவு நிலையின் அடியில் சாவியால் குத்துங்கள். சாவி உள்ளே இறங்கினால் கரையான். புதுப் பெயின்ட் இதை நன்றாக மறைத்துவிடும்.

உரிமையாளர் 180,000இலேயே நின்றால் விட்டுவிடுங்கள். இறங்கி வருவதாகச் சொன்னால், விற்பவர் அந்த வீட்டை எப்போது வாங்கினார் என்று கேளுங்கள். ஐந்து வருடம் தாண்டியிருந்தால் குடிமக்களுக்குச் சொத்து லாப வரி இல்லை. தாண்டாதவர் அந்த வரியையும் விலையில் ஏற்றித்தான் பேசுவார், ஆறாவது வருடம் பிறக்கும்வரை பொறுத்தால் உங்களுக்குப் பேரம் படியலாம்.