இலவசமாகப் படிக்கக்கூடியவளை மில்லுக்கு அனுப்பியது ஏன்?

கேள்வி: நூறு நாள் வேலையிலும் ஆடு வளர்ப்பிலும் பிழைக்கிறோம். கடன் வாங்கி மகனை இன்ஜினியரிங் படிக்க வைத்தோம். இரண்டு வருடமாக வேலையில்லை. ஒன்றே முக்கால் லட்சம் கொடுத்தால் துபாய்க்கு அனுப்புவதாக ஒரு ஏஜெண்ட் சொல்கிறார். வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கலாமா? அவன் தலையெடுத்தால்தான் எங்களுக்கு விடிவு. சின்னவள் அரசுப் பள்ளியிலேயே படித்து, போன வருடம் பிளஸ் டூவில் 512 மார்க் எடுத்தாள். இப்போது வேடசந்தூர்ப் பக்கம் மில் ஹாஸ்டலில் இருக்கிறாள். அவள் சம்பளத்தில் குழுக் கடன் தவணை கட்டுகிறோம்.
– ஒரு வாசகி, மணப்பாறை

பதில்: சகோதரி, பத்திரத்தை அடகு வைக்காதீர்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப மத்திய அரசிடம் பதிவு பெற்ற முகவர், சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். உங்கள் ஏஜெண்டிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். அநேகமாகப் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். நீங்கள் கேட்காமல் விட்டதை நான் கேட்கிறேன்: 512 மார்க் எடுத்த பெண்ணுக்கு நூல் மில்லில் என்ன வேலை? வறுமை என்று சொல்லாதீர்கள். அதே வறுமையில்தான் மகனுக்குக் கடன் வாங்கத் துணிந்தீர்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதல் 7.5 சதவீத இடங்கள் தனியே ஒதுக்கப்படுகின்றன. அதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே செலுத்துகிறது. அப்படிப் படித்த பெண்கள் கல்லூரியில் சேர்ந்தால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவர்கள் வங்கிக் கணக்கிலேயே விழுகிறது. இதையெல்லாம் அவளுடைய ஆசிரியர்கள் சொல்லாமல் இருந்திருக்க மாட்டார்கள். ஆக, செலவில்லாமல் படிக்கக் கூடியவளை, செலவழித்துப் படித்தவனின் கடனை அடைக்க அனுப்பியிருக்கிறீர்கள். கல்யாணத்துக்குச் சேர்க்கிறாள் என்றுகூட நீங்கள் சமாதானம் சொல்ல முடியாது. அவள் சம்பளம் தவணைக்கே போய்விடுகிறது.

குடும்ப பாரத்தை மூத்தவன் சுமக்க வேண்டும் என்பதில் எனக்கு அசைக்க முடியாத நம்பிக்கை உண்டு. உங்கள் வீட்டிலோ தங்கை ஷிஃப்ட் பார்க்கிறாள், பட்டம் வாங்கிய அண்ணன் விசாவுக்குக் காத்திருக்கிறான். கடையிலோ பட்டறையிலோ கிடைக்கும் வேலைக்கு அவன் நாளையே போகட்டும்; தவணை இனி அவன் பொறுப்பு. அதில் கௌரவக் குறைச்சல் என்றால், தங்கை காசில் சாப்பிடுவதில் மட்டும் அது எங்கே போனது?

இந்த ஞாயிற்றுக்கிழமையே வேடசந்தூருக்குப் போங்கள். அவள் என்ன படிக்க விரும்புகிறாள் என்று அவளிடமே கேளுங்கள். பள்ளித் தலைமையாசிரியரைப் பார்த்து, பொறியியலுக்கும் அரசுக் கலைக் கல்லூரிக்கும் எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று விசாரியுங்கள். மில்லை விட்டு வரும்போது சம்பளச் சீட்டுகளையும் பி.எஃப். எண்ணையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று வருடம் முடிந்தால்தான் பணம் என்று நிர்வாகம் பிடித்து வைத்தால், திண்டுக்கல்லில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு அங்கே வழக்கறிஞர் இலவசம்.