பினாங்கில் கடலும் காடும் பார்த்தபடி நடக்க எங்கே போகலாம்?

கேள்வி: ஜனவரியில் குடும்பத்தோடு பினாங்கு வருகிறோம். கோயில், கடைத்தெரு தவிர, கடலும் காடுமாக நடக்க நல்ல இடம் உண்டா? அறுபது தாண்டிய அப்பாவும் உடன் வருகிறார்.

உண்டு. தீவின் வடமேற்கு மூலையில் தெலுக் பஹாங் என்ற மீனவ கம்பம் (கிராமம்). பஸ் பாதை முடிகிற அந்த இடத்தில் பினாங்கு தேசியப் பூங்கா ஆரம்பிக்கிறது. அங்கிருந்து காட்டுவழியாக மேடேறி இறங்கினால் பந்தாய் கெராச்சுட் என்ற கடற்கரை. போகும்போது நடை, திரும்பும்போது படகு. அவ்வளவுதான் என் பதில். மீதியெல்லாம் ஆதங்கம், நேரம் இருந்தால் படியுங்கள்.

இதே கேள்விக்கு முன்பே எழுதியவர்கள், பெரியவரை வைத்துக்கொண்டு காடெல்லாம் எதற்கு, தண்ணீர்மலை முருகனைக் கும்பிட்டுவிட்டு கொம்தார் பேரங்காடியில் ஏதாவது வாங்கிக்கொண்டு போங்கள் என்கிறார்கள். தண்ணீர்மலைக் கோயிலுக்கு 513 படி ஐயா. அதை ஏறுகிற அப்பாவுக்குக் காட்டில் நடக்கக் கால் வராதா? (நான் கோயிலுக்கு எதிரி இல்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தலில் நிற்கிறவன்தான்.) தமிழ்நாட்டிலிருந்து விருந்தாளி வந்தால் அவர்களைக் கேட்காமலே கோயில், பேரங்காடி, பிரியாணி என்று நாமே முடிவு செய்துவிடுவது இங்கே ஒரு வழக்கமாகிவிட்டது.

என் மனைவியின் பெரியப்பா வந்தபோதும் அப்படித்தான் நடந்தது. தொண்டிப் பக்கம் கடலோரக் கிராமம் அவருக்கு. உறவுக்காரர்கள் மாற்றி மாற்றிக் காரில் ஏற்றிப்போய் எல்லாவற்றையும் காட்டிவிட்டார்கள். இரவு சாப்பிடும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "ஏன் மாப்பிள்ளை, இந்தத் தீவுல கட்டடம் இல்லாத இடமே கிடையாதா?"

மறுநாள் காலையில் ரொட்டி சனாய் பசியாறிவிட்டு, ஜெட்டியிலிருந்து, அதாவது ஜார்ஜ் டவுன் படகுத்துறையிலிருந்து, 101 பஸ்ஸில் ஏறினோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வலப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள், தஞ்சோங் பூங்கா என்ற ஊர் தாண்டியதும் கடல் கூடவே வரும். தேசியப் பூங்கா வாசலில் பதிந்துகொண்டுதான் உள்ளே போக வேண்டும். பாஸ்போர்ட் எடுத்துப் போங்கள்.

முதலில் கடலை ஒட்டிய சுலபமான பாதை. கட்டிப்போட்ட படகுகள், பெரிய பெரிய பாறைகள். கொஞ்ச தூரத்தில் ஒரு தொங்குபாலத்தருகே வழி பிரியும். கரையோரமாகவே போனால் தெலுக் ஆலிங், அங்கே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு நிலையம், அப்புறம் குரங்குக் கடற்கரை, அதற்கும் மேலே 1883-இல் கட்டிய மூக்கா ஹெட் கலங்கரை விளக்கம். இந்தப் பாதையைச் சில சமயம் மூடிவைப்பார்கள், வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு வழி மேடேறி கெராச்சுட்டுக்குப் போகும். ஒரே நாளில் இரண்டையும் முடிக்க நினைக்காதீர்கள்.

கெராச்சுட்டுக்கு வாசலிலிருந்து சுமார் மூன்றரைக் கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரம் என்பார்கள், பெரியவரோடு இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேல் மெராந்தி மரங்கள், பக்கத்தில் முள்ளோடு பிரம்பு, காலடியில் வேர்களே படிகள். நிழல்தான், ஆனால் புழுக்கத்தில் சட்டை பிழியலாம். பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தார். மூச்சு வாங்கியது எனக்கு. 'முழங்கால் வலிக்காரரை மலையேறச் சொல்கிறான்' என்று திட்ட வருபவர்களுக்கு: முழங்கால் வலி இருந்தால் வேண்டாம். போகிறவர்களும் வேட்டியும் செருப்புமாகப் போகாதீர்கள், நல்ல ஷூ போடுங்கள்.

இறக்கம் முடிகிற இடத்தில் கடற்கரைக்குப் பின்னால் ஒரு ஏரி இருக்கிறது. ஓடைநீர் மேலேயும் உள்ளே ஏறிவந்த கடல்நீர் அடியிலுமாகக் கலக்காமல் நிற்கும். உலகிலேயே இப்படிப்பட்ட ஏரிகள் குறைவு என்று பாலத்தில் நின்று பெருமையாக விளக்கினேன். பெரியப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல என்ன அதிசயம்? எங்க மணல் கிணறும் இப்படித்தான். மேலாப்புல நல்ல தண்ணி. ஆசைப்பட்டு அதிகமா இறைச்சா உப்பு ஏறிடும்" என்றார். அப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை, அவர்தான் பேசினார். எந்த மாதம் எவ்வளவு இறைப்பார்கள், பக்கத்துத் தோப்புக்காரன் மோட்டார் வைத்ததும் மூன்று வீட்டுக் கிணறு கெட்டது, எல்லாம். எத்தனையோ வருடமாக இந்த ஏரியைப் பார்க்கிற எனக்கு அன்றைக்குத்தான் அது விளங்கியது. ஒன்று மட்டும்: ஜனவரி, பிப்ரவரி இங்கே மழை குறைந்த மாதங்கள். ஏரி வற்றி வெறும் சேறாகக் கிடக்கலாம், என்னைத் திட்டாதீர்கள்.

கடற்கரையில் ஆமைப் பாதுகாப்பு நிலையம் இருக்கிறது. பச்சை ஆமைகள் இந்த மணலில் வந்து முட்டையிடும். கடலில் இறங்க வேண்டாம். ஜெல்லி மீனும் நீரிழுப்பும் உண்டு.

திரும்பும் பஸ்ஸில் சென்னையிலிருந்து வந்த ஒரு தம்பதி. நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு அந்த அம்மா என்னிடம், "அட, நீங்க நல்லா தமிழ் பேசுறீங்களே!" என்றார். வருகிறவர்கள் எல்லாரும் இதைச் சொல்கிறார்கள். அம்மா, பினாங்கில் 1816-லேயே தமிழ் வகுப்பு தொடங்கிவிட்டது. இந்த நாட்டில் இன்றும் 500-க்கு மேல் தமிழ்ப் பள்ளிகள் நடக்கின்றன. நான் படித்ததும் ஒரு தமிழ்ப்பள்ளியில்தான். பாராட்டுத்தான், தெரிகிறது. ஆனாலும் சொந்த வீட்டில் சோறு சாப்பிடுகிறவனைப் பார்த்து 'அழகாகச் சாப்பிடுகிறாயே' என்றால் எப்படி இருக்கும்? பெரியப்பாதான் என் தொடையைத் தட்டி அடக்கினார்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவால் மேடேற முடியாது என்றால் கெராச்சுட்டுக்குப் போகவரப் படகே பிடிக்கலாம். அதுவும் வேண்டாம் என்றால் 1884-இல் உண்டாக்கிய தாவரவியல் பூங்காவில் காலையில் நடங்கள், பெரும்பாலும் சமதளம். கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) ரயிலில் ஏறி மேலே சாலையில் நடப்பதும் நல்லதுதான், ஆனால் விடுமுறை நாளில் வரிசை நீளும்.

படகைப் புறப்படும் முன்பே தெலுக் பஹாங்கில் பேசி, தலைக்கு எவ்வளவா படகுக்கு எவ்வளவா என்று தெளிவாகக் கேட்டு, திரும்பும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள். பிற்பகலில் அலை கூடினால் பெரியவர்களுக்கு ஏறி இறங்கச் சிரமம். தண்ணீர் நிறைய எடுத்துப் போங்கள். தின்பண்டத்தைப் பிளாஸ்டிக் பையில் கையில் தொங்கவிட்டுப் போகாதீர்கள், குரங்கு வந்து பிடுங்கும்.