பளிங்கு வரவில்லையா? புரதப் பளிங்கியல் கேள்வி பதில்

புரதக் கரைசலைச் சிறு துளிகளாக வைத்துப் பளிங்காக வளர்த்து, அதில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, விழும் புள்ளிப் படத்திலிருந்து புரதத்தின் வடிவத்தைக் கணினியில் தீர்ப்பதே புரதப் பளிங்கியல். அதைப் பற்றி வன்னியிலிருந்து ஆய்வு மாணவர்களும் ஆசிரியர்களும் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். வந்த சிக்கல்களில் அரைவாசிக்கு மேல் கணினியில் இல்லை, துளியில்தான் இருக்கிறது. அதனால் பதில்களும் அங்கேதான் நீளும்.

ஆய்வு மாணவி, வவுனியா: அக்கா, கோழிமுட்டையின் லைசோசைம் என்ற புரதத்தை 6% சோடியம் குளோரைட்டும் பீ.எச். 4.6 அசற்றேற்றுத் தாங்கற் கரைசலும் (பீ.எச்.ஐ மாறாமல் வைத்திருப்பது) கொண்டு வைத்தேன். மார்கழியில் வடிவான கட்டைப் பளிங்குகள் வந்தன. சித்திரையில் அதே கரைசலில் நீட்டு நீட்டாக வேறு மாதிரி வருகிறது. சில துளிகளில் காலையில் கண்டது மத்தியானம் காணாமல் போகிறது. கரைசல் பழுதாகிவிட்டதா?

கரைசலைக் கொட்ட முன் அறையின் வெப்பநிலையைப் பாருங்கள் தங்கச்சி. நீங்கள் மார்கழியில் கண்டது லைசோசைமின் நாற்கோண வகை. ஏறத்தாழ 25 பாகைக்கு மேலே போனால் வேறொரு பளிங்கு வகை முந்திக்கொள்ளும். அதோடு, சூடு ஏற ஏற நாற்கோண வகையின் கரைதிறனும் கூடும். கரண்ட் போய் ஏசி நின்றால் பகலில் கரையும், இரவில் திரும்ப வரும். இப்படிக் கரைந்து கரைந்து வளர்ந்த பளிங்கு கண்ணுக்கு நன்றாயிருந்தாலும் கதிரில் ஏமாற்றும்.

துளிகள் உள்ள பிளேற்றை, மூடி உள்ள ரெஜிபோம் பெட்டியில், தண்ணீர் நிரப்பிய சில போத்தல்களோடு வையுங்கள். தண்ணீர் சூட்டை மெதுவாகத்தான் வாங்கும், மெதுவாகத்தான் விடும். மீன் வாங்கி வரும் பெட்டியே போதும், கழுவிவிட்டு! உள்ளே அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் காட்டும் வெப்பமானி ஒன்று. ஆய்வுகூட பிரிட்ஜை நான் சிபாரிசு செய்யமாட்டேன். நாள் முழுக்கக் கதவைத் திறந்து மூடுகிறார்கள், அதன் மோட்டரும் அதிர்கிறது. இன்னொன்று, ஆசையில் அடிக்கடி எடுத்துப் பார்க்காதீர்கள். நுணுக்குக்காட்டியின் விளக்கே துளியைச் சூடாக்கிவிடும்.

ஆய்வு உதவியாளர், கிளிநொச்சி: கடைசியில் பளிங்கு வந்துவிட்டது. ஆனால் உப்போ என்று பயமாக இருக்கிறது. கதிருக்கு அனுப்ப முன் எப்படித் தெரிந்துகொள்வது?

பயம் நியாயமானது. என்ன தாங்கற் கரைசல் என்று நீங்கள் எழுதவில்லை. பொசுபேற்றும் கல்சியமும் ஒரே துளியில் சந்தித்திருந்தால் முதல் சந்தேகம் கல்சியம் பொசுபேற்று மேல்தான்.

முதலில், புரதம் போடாமல், புரதம் இருந்த தாங்கற் கரைசலை மட்டும் வைத்து அதே துளியைத் திரும்பப் போடுங்கள். அங்கேயும் அதே பளிங்கு வந்தால் கதை முடிந்தது. செலவே இல்லாத சோதனை, ஆனாலும் பலர் செய்வதில்லை.

இரண்டாவது, மெதிலீன் நீலம். ஐதான கரைசலில் மிகச் சிறிதளவு துளியில் விட்டு சில மணித்தியாலம் பொறுங்கள். புரதப் பளிங்கின் கனவளவில் ஏறக்குறைய பாதி கரைசல்தான். மூலக்கூறுகளுக்கு இடையே வாய்க்கால் மாதிரி வழிகள் உண்டு. சாயம் அவற்றுக்குள் ஏறிப் பளிங்கு சுற்றியுள்ள துளியைவிடக் கடும் நீலமாகும். உப்புக்குள் போக இடமில்லை.

மூன்றாவது, பல பளிங்குகள் இருந்தால் ஒன்றைப் பலி கொடுத்து ஊசியால் அழுத்துங்கள். உப்பு என்றால் கை உணரும்படி ‘டக்’ என்று உடையும். புரதம் எதிர்ப்பே இல்லாமல் நொறுங்கிவிடும். முனைவாக்கிய ஒளியில் நிறம் காட்டுகிறதா என்று பார்ப்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. கனசதுர ஒழுங்குள்ள புரதப் பளிங்கு நிறமே காட்டாது, பிளாஸ்ரிக் பிளேற்றோ தானே நிறம் காட்டும்.

மாணவர், அறிவியல் நகர்: வாளவரை இன விதையிலிருந்து கொன்கனவலின் ஏ என்ற புரதத்தைப் பிரித்தேன். எந்தத் துளியிலும் உடனே கலங்கல் வீழ்படிவு. விட்டுவிடவா அக்கா?

விடாதீர்கள் தம்பி. அந்த இன விதையிலிருந்துதான் அமெரிக்க இரசாயனவியலாளர் ஜேம்ஸ் சம்னர் 1926இல் யூரியேஸ் என்ற நொதியத்தைப் பளிங்காக்கி, நொதியம் புரதம்தான் என்று காட்டினார். 1946இல் நோபல் பரிசும் வந்தது.

பாதித் துளிகளுக்கு மேல் கனத்த வீழ்படிவு என்றால் செறிவைப் பாதியாக்குங்கள். எல்லாம் தெளிவாகவே கிடந்தால் இரட்டிப்பாக்குங்கள். துளி போட முன் மாதிரியை மையநீக்கம் செய்து தூசியைப் போக்குங்கள். புரதங்களை அளவுப்படி பிரித்துக் காட்டும் ஜெல்லிலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பழைய மாதிரி தானே துண்டாகியிருக்கலாம்.

இந்தப் புரதத்துக்கென்று இரண்டு விஷயம் உண்டு. மங்கனீசும் கல்சியமும் இல்லாமல் இது சரியாக நிற்காது. உலோக அயன்களைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ சேர்த்திருந்தால் அதுதான் குற்றவாளி. அமிலப் பக்கம் இதன் மூலக்கூறுகள் இரண்டு இரண்டாக இருக்கும், பீ.எச். 7ஐத் தாண்டினால் நான்கு நான்காகச் சேரும். இடைநடுவில் வைத்தால் இரண்டும் கலந்திருக்கும், பளிங்கு அடம்பிடிக்கும். ஒரு பக்கத்தைத் தெரிவுசெய்யுங்கள்.

மன்னார்: கதிர்ப் படத்தில் புள்ளிகளோடு வட்டங்களும் விழுகின்றன.

3.9, 3.67, 3.44 ஆங்ஸ்ட்ரோம் இடங்களிலா? பளிங்கைத் திரவ நைதரசனில் உறையவைக்கும்போது உண்டான பனிக்கட்டி. பனி உண்டாகாமல் தடுக்கும் கிளிசரோலை 20 முதல் 25% வரை சேர்த்துப் பாருங்கள். பளிங்கைத் தூக்கும் வளையத்தில் பளிங்கில்லாமல் அந்தக் கரைசலை மட்டும் எடுத்துத் திரவ நைதரசனில் முக்கினால் கண்ணாடி போல் தெளிவாக வரவேண்டும். வெள்ளையாக வந்தால் இன்னும் கூட்டுங்கள். மாரி காலத்தில் ஈரக் காற்றே வளையத்தில் பனியாகப் படியும். நைதரசன் குடுவையை மூடியே வையுங்கள்.

வவுனியா, இன்னொருவர்: புரத வடிவத்தைக் கணித்துச் சொல்லும் ஆல்பாஃபோல்ட் தந்த மாதிரியுருவை வைத்தும், அதைக் கதிர்த் தரவோடு பொருத்தும் ஃபேசர் மென்பொருளில் தீர்வு வரவில்லை.

நம்பிக்கைப் புள்ளி 70க்குக் குறைந்த வால்களை வெட்டுங்கள். இரண்டு பகுதிகளுக்கிடையே மடிப்பு இருந்தால் பிரித்துத் தேடுங்கள்; ஆல்பாஃபோல்ட் ஒவ்வொரு பகுதியையும் சரியாகச் சொல்லி, அவை நிற்கும் கோணத்தில் தவறலாம். திருகு அச்சுகளின் (சுழன்றபடியே நகரும் சமச்சீர் அச்சுகள்) எல்லாத் தெரிவையும் சோதிக்கச் சொல்லுங்கள். பளிங்கின் சமச்சீரற்ற அலகில் (சமச்சீரால் திரும்ப வராத மிகச் சிறிய பகுதி) எத்தனை பிரதி என்பதைத் திரும்பக் கணக்கிடுங்கள், மத்தியூஸ் எண் (புரத நிறைக்கு எவ்வளவு கனவளவு என்பது) 2.4 அளவில் வருவது வழமை. ஃபேசர் தரும் டிஎஃப்இசட் புள்ளி 8ஐத் தாண்டினால் நம்பலாம்.

ஆசிரியை, முல்லைத்தீவு: உயர்தர மாணவர்களுக்குக் காட்டலாமா?

தாராளமாக ரீச்சர். லைசோசைம் தூளை வாங்கி மில்லிலீற்றருக்கு 50 மில்லிகிராம் கரையுங்கள். மேலே சொன்ன உப்புக் கரைசலோடு சம அளவில் ஒரு துளி கலந்து, துளி உள்ள கண்ணாடித் தகட்டை அதே உப்புக் கரைசல் உள்ள குழியின் மேல் கவிழ்த்து, விளிம்பில் வசிலின் பூசி மூடுங்கள். மறுநாள் பள்ளிக்கூட நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம், போனால் படமும் எடுக்கலாம்.

கிளிநொச்சி: நம்மிடம் சின்குரோத்திரன் (வலிமையான எக்ஸ் கதிர் தரும் பெரிய இயந்திரம்) இல்லையே, வளர்த்து என்ன செய்வது?

கிட்டவுள்ளது இந்தியாவில் இந்தூரின் இந்தஸ்-2. அங்கே புரதப் பளிங்குக்கென்றே ஒரு கதிர்வழி இருக்கிறது. அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. 1971 முதல் இயங்கும் புரதத் தரவு வங்கியிலிருந்து தரவை இலவசமாக இறக்கலாம், தீர்க்க உதவும் சிசிபி4, பீனிக்ஸ், கூட் மென்பொருள்கள் எல்லாம் கல்விப் பயன்பாட்டுக்கு இலவசம். தீர்ந்த ஒரு லைசோசைம் தரவை எடுத்து முதலிலிருந்து நீங்களே தீர்த்துப் பாருங்கள். எங்கே இடறுகிறது என்று எழுதுங்கள், அடுத்த முறை அதிலிருந்து தொடங்குவோம்.