எர்திக் மாளிகை: கேட்டவையும் சொன்னவையும்

வட வேல்ஸில் ரெக்ஸம் ஊருக்குத் தெற்கே, ஏறக்குறைய இரண்டு மைலில் இருக்கிறது எர்திக். அந்த வீட்டையும் அதன் பண்ணையையும் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில்.

மதுரை வாசகர்: எர்டிக் என்றுதானே சொல்ல வேண்டும்?

இல்லை. வேல்ஷ் எழுத்தில் இரண்டு 'டி' (dd) சேர்ந்து வந்தால், 'காது' என்கிறோமே, அந்த மெல்லிய 'த' ஒலி. இரட்டிப்பைப் பார்த்துவிட்டு 'எர்த்திக்' என்று அழுத்தவும் வேண்டாம். முதலில் பெயரைச் சரியாகச் சொல்லுங்கள், மிச்சம் பிறகு.

திருச்சி வாசகி: கட்டியது யார்? எந்த ராஜா?

ராஜா யாருமில்லை. ஜோஷுவா எடிஸ்பரி என்கிற நிலக்கிழார் 1684ல் ஆரம்பித்து 1687வாக்கில் கட்டினார். வீட்டைக் கட்டிப் பார் என்று நம் பக்கத்தில் சும்மாவா சொன்னார்கள்? கடன் கழுத்தை நெரித்து மனிதர் திவாலானார். 1716ல் ஜான் மெல்லர் என்ற லண்டன் வழக்கறிஞர் வாங்கி, இரண்டு பக்கமும் வீட்டை நீட்டி, விலையுயர்ந்த மரச்சாமான்களாக நிரப்பினார். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. 1733ல் இறந்தபோது வீடு மருமகன் சைமன் யார்க்குக்குப் போயிற்று; சகோதரி மகன் என்ற பொருளில் மருமகன். அதற்குப் பிறகு வாரிசுகளுக்கு சைமன், பிலிப் என்ற இரண்டே பெயர்கள். குழப்பமாக இருந்தால் உங்கள் தப்பில்லை.

கோவை வாசகர்: கோட்டைக்குள் சுரங்கப்பாதை உண்டா?

இது கோட்டை இல்லை, வீடு.

சென்னை வாசகர்: எலிஹு யேல் நம் ஊரில் அடித்த பணத்தில் கட்டியதாமே?

அப்படியில்லை. கட்டியது எடிஸ்பரி. அவருக்குக் கடன் கொடுத்தவர்களில் யேலும் ஒருவர், அவ்வளவுதான். யேல் 1672ல் கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் புனித ஜார்ஜ் கோட்டைக்கு வந்தவர், 1687 முதல் 1692 வரை அங்கே ஆளுநர். சொந்த வியாபாரத்தில் குவித்த பணத்துக்காகக் கம்பெனியே அவரைப் பதவியிலிருந்து இறக்கியது. அவருடைய காலத்தில் சென்னையிலிருந்து அடிமைகளும் கப்பலேற்றப்பட்டார்கள்; அதை மறைத்துப் பேசுபவன் நானில்லை. அவருடைய சமாதி ரெக்ஸம் தேவாலய முற்றத்தில். குழந்தையிலேயே இறந்த மகன் டேவிட்டின் சமாதி சென்னையில், உயர் நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில்.

தஞ்சாவூர் வாசகர்: யேல் அனுப்பிய 'கோரமண்டல்' தட்டி அங்கே இருக்கிறதே. பெயரே சோழமண்டலம். நம் தச்சர்கள் செய்ததை ஏன் சீன வேலை என்கிறார்கள்?

பெயர் நம்முடையது, கைவேலை சீனாவுடையது. அறைக்குள் மறைப்பாக நிறுத்தும் சீன அரக்குத் தட்டிகள் சோழமண்டலக் கரைத் துறைமுகங்களில் கப்பல் மாறி ஐரோப்பா போயின. ஏற்றிய கரையின் பெயரே சரக்குக்கும் ஒட்டிக்கொண்டது. 1682ல் யேல் சென்னையிலிருந்து எடிஸ்பரிக்கு ஒரு தட்டி அனுப்பினார், இப்போது படுக்கையறையில் இருப்பது அதுதான் என்கிறார்கள்.

அதே வாசகர்: அப்படியென்றால் உரிமை நமக்கும் உண்டல்லவா?

துறைமுகத்தில் இறங்கி ஏறியதற்கெல்லாம் உரிமை கேட்டால், ஐயா, உலகத்தில் பாதிச் சாமான் ஏடன்காரர்களுக்குப் போய்விடும். உரிமை பேச வேண்டுமானால் திப்புவின் கூடாரத்தைப் பற்றிப் பேசுங்கள், நானும் கூட வருகிறேன். அது இங்கே இல்லை, வெல்ஷ்பூல் அருகே போவிஸ் கோட்டையில். திப்பு, கிளைவ் என்று கேட்ட மற்ற மூன்று பேருக்கும் இதே பதில்.

நெல்லை வாசகி: வேலைக்காரர்களை ஓவியம் வரைந்து மாட்டியிருக்கிறார்களாமே, நிஜமா?

இதைக் கேட்க ஒருவராவது வந்தீர்களே, அம்மா! நிஜம்தான். முதலாம் பிலிப் யார்க் 1790களில் தச்சர், சமையற்கட்டு ஆள் என்று தன் வேலைக்காரர்களை ஓவியர் வைத்து வரையச் சொன்னார். ஒவ்வொரு படத்திலும் அவரே கட்டிய பாட்டு. கவிதை என்று சொல்ல மனம் வராது, எதுகைக்காக எதையும் செய்வார். ஆனால் ஆளின் குணம் வந்துவிடும். 87 வயது ஜேன் எப்ரெல் கையில் துடைப்பத்தோடு இருக்கிறார். ஒரு காலத்தில் எசமானுக்கு ஒட்டடை அடித்தவர், நம் எல்லோருக்கும் தாய் என்கிறது பாட்டு. 1852ல் புகைப்படம் வந்ததும் வேலைக்காரர்களை வாசற்படியில் கூட்டி நிறுத்திப் படம் பிடித்தார்கள். அன்பு மட்டுமா? சம்பளப் பட்டியலையும் பார்த்துவிட்டு அதை முடிவு செய்யுங்கள். 1907ல் எலன் பென்கெத் என்ற சமையற்காரி பணம் திருடினார் என்று இதே குடும்பம் நீதிமன்றத்துக்கு இழுத்தது. ஜூரி அவரை விடுதலை செய்தது. அவருக்கு ஓவியம் எதுவும் இல்லை.

சேலம் வாசகர்: வீடு மண்ணில் இறங்கியது எப்படி?

அடியில் நிலக்கரி. பெர்ஷம் சுரங்கத்தார் வீட்டுக்குக் கீழேயே வெட்டினார்கள். வெற்றிடம் அமுங்க, மேலே தரை தாழ்ந்தது, ஐந்து அடி. கூரை பிளந்து மழை உள்ளே விழுந்தது. பிறகு நிலக்கரி வாரியம் 1,20,000 பவுண்டு நஷ்டஈடு கொடுத்தது.

பெயர் போடாதவர்: யேலுக்கும் இந்த வீட்டுக்கும் என்ன தொடர்பு?

மேலே படியுங்கள்.

ஈரோடு வாசகி: கடைசி வாரிசு என்ன ஆனார்?

1966ல் அண்ணன் இறந்ததும் மூன்றாம் பிலிப் யார்க் வந்தார். அவருக்கும் பிள்ளையில்லை. வீட்டில் மின்சாரம் கிடையாது. ஜெனரேட்டர் ஓட்டித்தான் தொலைக்காட்சி பார்த்தார். தோட்டத்தில் ஆடுகள் மேய்ந்தன. முன்னோர் எதையும் தூக்கிப் போடாததால் பொருள்கள் மட்டும் முப்பதாயிரம். எல்லாவற்றையும் 1973ல், பழைய வீடுகளைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தார். 1977ல் மக்களுக்குத் திறந்தார்கள். நீங்கள் போனால் முன்வாசலைத் தேடாதீர்கள். தச்சுப் பட்டறை, மரம் அறுக்கும் குழி, சலவைக்கட்டு எல்லாம் தாண்டி, கொல்லைப்புறமாகத்தான் உள்ளே விடுவார்கள்.